மாற்றித் தரப்படாத இடம்

ஆசிரியை பதிவேட்டைப் பார்த்து ஏழாவது பெயரைக் கூப்பிட்டதும், சலவைக்கடைக் குமாஸ்தா எழுந்து நின்று, "உள்ளேன் அம்மா" என்றார்.

கூப்பிட்டது அவர் மனைவியின் பெயர்.

ஆசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த மீசை, சட்டைப்பையில் மூன்று பேனா. மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். நூலகத்து மாடி அறையில் எழுத்துப் பயிற்சிக்கு வந்திருந்த மற்ற பதினொரு பேரும் திரும்பினார்கள்.

"இந்தப் பேரு..." என்று இழுத்தார் ஆசிரியை.

"என் வீட்டுக்காரி பேருங்க."

அடுத்த வாக்கியத்தையும் குமாஸ்தா மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருந்தார். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது, இடம் வீணாக வேண்டாமே என்று நான் வந்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "புரிஞ்சுபோச்சு மேடம். சார் வீட்டம்மா பேர்ல எழுதறவர். பெரிய பெரிய ஆளுங்கள்லாம் அப்படி எழுதியிருக்காங்களே."

அறை முழுக்க ஒரு மரியாதை பரவியது. ஆசிரியை புன்னகையோடு பதிவேட்டில் குறி போட்டார். முதல் நாளே புனைபெயரோடு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு இன்னும் பேனாவே சரியாக அமையவில்லை.

குமாஸ்தா உட்கார்ந்தார். இனி எழுந்து நின்று விளக்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

மனைவி போன பிறகு அவள் விட்டுச்சென்ற எதையும் அவர் வீணாக்கவில்லை. பாதி இருந்த ஷாம்பூவைத் தீர்த்தார். கடையில் முதலாளி இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ரோஜா வாசனை எந்த மூட்டையிலிருந்து வருகிறது என்று தேடினார். அவள் பாதியில் விட்ட குறுக்கெழுத்துப் புத்தகத்தை முடித்தார். அவள் எப்போதோ வாங்கி வைத்திருந்த பல் டாக்டர் நேரத்தை ரத்து செய்ய மனமில்லாமல் தானே போய் உட்கார்ந்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு வருடமாக உப்புத் தண்ணீர் கொப்பளித்தே அவர் ஒப்பேற்றிவந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். நல்ல வேளை வந்தீர்கள் என்று சொல்லிப் பிடுங்கி அனுப்பினார். பல் போனது. நேரம் வீணாகவில்லை.

அவளுடைய சத்து மாத்திரையையும் நாளுக்கொன்றாக விழுங்கிவந்தார். கடைசி அட்டையை எடுத்தபோது டப்பாவின் அடியில் நான்காக மடித்த ஒரு ரசீது இருந்தது. எழுத்துப் பயிற்சி வகுப்பு, சனிக்கிழமை நான்கு மணி, பன்னிரண்டு வாரம். அவள் பெயர். கீழே பொடி எழுத்தில்: கட்டணம் திருப்பித் தரப்படாது. இடம் மற்றவருக்கு மாற்றித் தரப்படாது. மூன்று வாரம் பயிற்சி எழுதாதவர் பெயர் நீக்கப்படும்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைக்குப் போகும் பட்டியலைத் தவிர எதையும் எழுதிப் பார்க்காதவள் அவள். அந்த வீட்டில் எழுத்து என்றால் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் என்று கடிதம் போட்டவர். கல்யாணம் ஆனதும், படிக்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் எழுதியதெல்லாம் சலவைச் சீட்டு. "சீட்டெழுதியே கையை வீணாக்கிட்டீங்க" என்று அவள் எப்போதாவது சொல்வாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

முதல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஐந்து மாதமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அவள் பெயரை அடித்துவிடச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்திருந்தார். வங்கியில், மின்வாரியத்தில், காப்பீட்டில், வாக்காளர் பட்டியலில். எல்லா இடத்திலும் பெயரின் நடுவே ஒரு கோடு. இன்றைக்கு ஒருவர் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோடு விழாத பட்டியல் உலகத்தில் அது ஒன்றுதான். இன்னும் பதினொரு சனிக்கிழமை அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். அதற்கு அவர் வாராவாரம் எழுத வேண்டும்.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் ரசீது போடும் பதிவுக்காரம்மா, மனைவியை நேரில் பார்த்தவள். அவள் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே குமாஸ்தா சனிக்கிழமைதோறும் வாசலில் கிடக்கும் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தபடியே அவளைக் கடந்து மாடியேறினார். மூன்றாவது வாரம் தாள் தலைகீழாக இருந்ததைப் பாதிப் படியில்தான் கவனித்தார்.

ஆசிரியை முப்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவர்; ஒரு பாடம் கைக்கு வரும்வரை வாரக்கணக்கில் அதையே பழக்குபவர். அவர் சொன்ன முதல் பாடம் எளிதாகத்தான் இருந்தது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கால் மணி நேரம். பேனாவைத் தூக்கக் கூடாது. என்ன வருகிறதோ அதை எழுத வேண்டும்.

குமாஸ்தா காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியின் முதுகில் மனைவியின் பச்சை ஸ்வெட்டர் அவள் போட்டபடியே தொங்கியது. கடிகாரம் ஓடியது. என்ன வருகிறதோ அது வந்தது: சட்டை ஒன்று. நீலம். இடது கைப்பட்டியில் மசிக்கறை. இரண்டாவது பொத்தான் இல்லை.

ஆறு நாளும் அதுவேதான் வந்தது. வெட்கத்தோடு கொடுத்தார். ஆசிரியை அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்.

"என்ன சிக்கனம் பாருங்க. அந்த இரண்டாவது பொத்தான் எங்க போயிருக்கும்னு மனசு கிடந்து தவிக்குது இல்ல?"

தபால்காரர் தவித்தார். தன்னுடைய ஒன்பது பக்கக் கட்டுரையில் ஒரு பொத்தான்கூட இல்லையே என்று சத்தமாகவே வருந்தினார்.

இரண்டாவது பாடம், பார்த்ததை மட்டும் எழுதாமல் அது ஏன் அப்படி ஆயிற்று என்றும் கேட்பது. வேலை செய்யும் இடத்திலேயே பழகிக்கொள்ளலாம் என்றார் ஆசிரியை. அங்கேதான் வினை பிடித்தது.

திங்கட்கிழமை வக்கீல் ஒருவர் சட்டை போட்டுவிட்டுப் போனார். குமாஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துச் சீட்டு எழுதினார்: சட்டை ஒன்று. வெள்ளை. வலது தோளில் முகப்பவுடர். சட்டைக்காரரைவிட ஒரு சாண் குட்டையானவர் சாய்ந்து அழுதிருக்க வேண்டும். நெடுநேரம்.

புதன்கிழமை சட்டையை வாங்க வந்தது வக்கீலின் மனைவி. அவர் வக்கீலைவிட இரண்டு விரல் உயரம். சீட்டை இரண்டு தடவை படித்தார், சட்டையை வாங்காமல் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை வக்கீல் பதினான்கு சட்டையோடு வந்து, ஒவ்வொன்றின் தோளிலும் ஒன்றும் இல்லையென்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். அழுதது கட்சிக்காரரின் கிழட்டுத் தாயார் என்பதை அவர் கடை முழுக்கச் சொன்னார். கேட்க வேண்டியவர் மட்டும் அங்கே இல்லை.

முதலாளி குமாஸ்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். "சீட்டுல துணியை எழுதுய்யா. துணிக்காரன் கதையை எழுதாத."

அந்தச் சனிக்கிழமைப் பாடம் அதற்கு மருந்து போலவே அமைந்தது. வெட்டுங்கள் என்றார் ஆசிரியை. எழுதியதில் பாதியை வெட்டுங்கள், மிச்சத்தில் பாதியையும் வெட்டுங்கள். எடுத்தால் விழுந்துவிடும் என்கிற சொல் மட்டும் நிற்கட்டும்.

குமாஸ்தா வெட்டினார். நிறத்தை வெட்டினார், அளவை வெட்டினார். பார்த்தாலே தெரிகிற விஷயந்தானே என்று துணிக்காரர் தொழிலையும் வெட்டினார். மிஞ்சியது: கோட்.

அந்த வாரம் மூன்று வெள்ளைக் கோட்டுகள் வந்திருந்தன. ஒன்று டாக்டருடையது, ஒன்று ரொட்டிக்கடைக்காரருடையது, ஒன்று முடிதிருத்துபவருடையது. மூன்றும் இடம் மாறிப் போயின. டாக்டர் நாள் முழுக்க மாவு வாசனையோடு நோயாளிகளைப் பார்த்தார். பத்தியத்தில் இருந்தவர்கள் பசிக்கிறது என்று எழுந்து போனார்கள். முடிதிருத்துபவருக்கு வந்த கோட்டின் பையில் டாக்டரின் பெயர் தைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். அவரும் பார்த்து, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேருக்குக் குணமாகிவிட்டதாகவும் கேள்வி.

"குறைச்சு எழுதச் சொன்னா அடையாளத்தையே குறைச்சுட்டியே," என்றார் முதலாளி. கோபத்தைவிடக் களைப்புதான் அவர் குரலில் இருந்தது. "ஒரு வாரம் வீட்ல இரு. அவ போனதுலேர்ந்து நீ லீவே எடுக்கல. அதுதான் இப்படி வருது."

லீவு எடுக்காததற்குக் காரணம் இருந்தது. வீட்டில் பகல் பதினோரு மணி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓயும். ஓய்ந்த பிறகு இருக்கிற அமைதியில், அது மறுபடி உறுமாதா என்று இருக்கும்.

நல்ல வேளையாக அடுத்த பாடம் வாய்விட்டுப் படிப்பது. எழுதியதை ஒரே ஒரு ஆள் எதிரில் இருப்பதாக நினைத்துச் சத்தமாகப் படியுங்கள், எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பிழை என்றார் ஆசிரியை. குமாஸ்தா ஸ்வெட்டர் தொங்கிய நாற்காலியைப் பார்த்துப் படித்தார். நடுநடுவே நிறுத்தி, "இது வேணுமா, அடிச்சிடவா?" என்று கேட்டார். பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார். பிறகு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மேல்வீட்டு நர்ஸம்மாவுக்குக் கூர்மையான காது. மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் காலையில் சர்க்கரை கேட்கிற சாக்கில் இறங்கி வந்து, மேசையையும் நாற்காலியையும் ஸ்வெட்டரையும் பார்த்தாள். யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் அண்ணே என்று கேட்டாள். பயிற்சி என்றார் குமாஸ்தா. என்ன பயிற்சி என்றாள். யாராவது ஒருவரை எதிரில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். நர்ஸம்மா சர்க்கரையை மறந்துவிட்டு மாடிக்குப் போய், குமாஸ்தாவின் அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா அடுத்த ரயிலில் வந்து இறங்கினாள். தம்பியைவிட ஏழு வயது மூத்தவள். அவர் காய்ச்சலில் படுத்தாலும் கல்யாணம் செய்தாலும் முதலில் பெட்டியோடு வந்து நிற்பவள்.

"பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன்னு சொன்னியே, அன்னிக்கே நான் வந்திருக்கணும்," என்றாள்.

குமாஸ்தா எத்தனையோ சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றும் நிலைமையை மோசமாக்கியது. தினமும் காலை ஆறு மணிக்குத்தான் பேசுகிறேன், அதுவும் கால் மணி நேரந்தான் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் புத்தி தெளிவாக இருப்பதற்குச் சாட்சியாக முதலாளியிடம் பேசச் சொன்னார். முதலாளி கோட்டுக் கதையைச் சொல்லிவிட்டார். அதோடு முடிவாயிற்று. சனிக்கிழமை இரவு ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. இனி தம்பி அவள் வீட்டில்தான் இருப்பான்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டாவது வகுப்பு. ஒரு பக்கம் எழுதி எல்லார் முன்னாலும் படிக்க வேண்டிய கடைசி வகுப்பு. அதற்கென்று குமாஸ்தாவிடம் ஒரு வரியும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது நாற்காலியின் முதுகு வெறுமையாக இருந்தது. பின்கட்டில் அக்கா வாளியில் சோப்பு நுரை கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் அவள் தோளில் கிடந்தது.

"மூட்டை கட்டறதுக்கு முன்னாடி அலசிடறேன். கழுத்தெல்லாம் எண்ணெய் வாடை."

முப்பத்தொரு வருடம் ஊரார் அழுக்கைக் கைநீட்டி வாங்கியவர், ஈரக்காலோடு ஓடி வந்து அதைப் பிடுங்கினார்.

"இது சலவைக்கு இல்லக்கா."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்தாள். குமாஸ்தா ஸ்வெட்டரை மேசைமேல் விரித்துப்போட்டு, பேனாவை எடுத்தார்.

சனிக்கிழமை அக்காவும் கூடவே வந்தாள். வகுப்பு முடிந்ததும் அப்படியே ரயிலடிக்குப் போவதாக ஏற்பாடு. செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி மாடியேறிய தம்பியைப் பார்த்துக்கொண்டே பெட்டியோடு பின்னால் ஏறினாள்.

ஆசிரியை பெயர்களைக் கூப்பிட்டார். ஏழாவது பெயர் வந்தது.

"உள்ளேன் அம்மா."

அக்காவின் கையிலிருந்த பெட்டி தரையில் உட்கார்ந்தது. "யாரு பேரைக் கூப்பிட்டாங்க?" என்று பக்கத்தில் இருந்த தபால்காரரைக் கேட்டாள்.

"அது சாரோட புனைபெயர்ம்மா. வீட்டம்மா மேல அவ்வளவு பிரியம்."

"அவ போயி எட்டு மாசம் ஆகப்போகுதே," என்றாள் அக்கா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சின்ன அறை. தபால்காரர் தன் காகிதங்களை எதற்கோ ஒருமுறை அடுக்கிவைத்தார். ஆசிரியை பதிவேட்டின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

குமாஸ்தா எழுந்து நின்றார். விளக்கம் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"ஸ்வெட்டர் ஒன்று. பச்சை. பெண்கள் அளவு.

வலது முழங்கையில் நூல் பிரிந்திருக்கிறது. ஜன்னல் கொக்கியில் மாட்டி இழுத்தது. திடீரென்று மழை வந்தது, கொடியில் என் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன, ஓடினாள்.

இடது பையில் பாதிப் பென்சில். என்னிடம் மூன்று பேனா இருந்தும் அவள் கேட்டதில்லை.

கழுத்துப்பட்டியில் தலை எண்ணெய் வாசனை. முன்பு அறை வாசலிலேயே தெரிந்தது. இப்போது மூக்கை ஒட்டிவைத்தால்தான் தெரிகிறது.

கறை எதுவும் இல்லை.

அவள் விட்டுப்போன எல்லாவற்றையும் உபயோகித்துத் தீர்த்துவிட்டேன். இது எனக்கு அளவு சேரவில்லை. இதை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

சலவைக்கு அல்ல.

திருப்பித் தரும் தேதி."

மற்றவர்கள் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள்.

"தேதி போடலியா சார்?" என்றார் தபால்காரர்.

"அதைத்தாங்க போட முடியல."

அக்கா குனிந்து பெட்டியின் பக்கப் பையைத் திறந்தாள். இரண்டு டிக்கெட்டையும் வெளியே எடுத்து, ஒன்றை மட்டும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆசிரியை கண்ணாடியைத் துடைத்தபடி, அந்தப் பக்கத்தில் வெட்ட ஒன்றுமில்லை என்றார். பன்னிரண்டு வாரத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சான்றிதழ் மட்டும் பதிவேட்டில் இருக்கிற பெயரில் அச்சாகி வந்துவிட்டதாகவும், அதைப் பற்றிக் கீழே பதிவில்தான் பேச வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

குமாஸ்தா முதல் தடவையாகச் செய்தித்தாள் இல்லாமல் படியிறங்கினார். எத்தனை சீட்டு எழுதியிருந்தாலும் ஒன்றிலும் இல்லாத துணியை இருப்பதாக அவர் எழுதியதில்லை. இந்தப் பட்டியலில் மட்டும் பன்னிரண்டு வாரம் எழுதிவிட்டார். மற்ற இடங்களில் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த மாதிரி இங்கேயும் அவரேதான் சொல்ல வேண்டும்.

பதிவுக்காரம்மா, வகுப்பு முடிந்து மாடியிலிருந்து வந்திருந்த பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஏழாவது வரியில் கோடு இல்லாத பெயர். எதிரே பன்னிரண்டு குறி.

"இதை அடிச்சிடுங்கம்மா," என்றார். "அவ ஒரு நாளும் வரல. நான்தான் அவ பேரைச் சொல்லி உங்களை எல்லாம் ஏமாத்தி வந்துக்கிட்டிருந்தேன்."

பதிவுக்காரம்மா பேனாவைத் தொடவில்லை. வாராவாரம் முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஏன் ஓடினீர்கள் என்பதுதான் தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றாள். பிறகு பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வகுப்பு தொடங்க ஏழு மாசம் ஆகுமேம்மா, இந்த உடம்போட உங்களால வர முடியுமான்னு அன்னிக்கே கேட்டேன் சார். 'நான் எங்கேங்க வரப்போறேன், அவர் வருவார், அவர் பேர்ல போட்டா வரமாட்டார், என் பேர்ல போடுங்க, வீணாக்க மனசு வராது'ன்னு சொன்னாங்க. 'பல் டாக்டர்கிட்டயும் அப்படித்தான் நேரம் வாங்கி வெச்சிருக்கேன்'னு சிரிச்சாங்க."